ஒரே பொத்தானில் இடி, மழை, ரெயில்!

நாடக மேடையின் பின்னால் இருந்து ஒலியை ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டர்

மேடையில் வில்லன் கைத்துப்பாக்கியை நீட்டுகிறான். எதிரே கதாநாயகனின் தந்தை நிற்கிறார். அரங்கம் மூச்சை அடக்கிக் கொண்டு பார்க்கிறது. வில்லன் விசையை அழுத்துகிறான்.

சத்தம் வரவில்லை.

மறுபடியும் அழுத்துகிறான். அப்போதும் இல்லை. தந்தை என்ன செய்வார், பாவம்! நெஞ்சைப் பிடித்துக் கொண்டு கீழே சாய்கிறார். அவர் சாய்ந்து இரண்டு வினாடி கழித்து, "டுமீல்" என்று ஒலிபெருக்கி அலறுகிறது. அழ வேண்டிய இடத்தில் அரங்கமே சிரிக்கிறது.

நாடகம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. வேலை முடிந்து, லோக்கல் ரெயிலில் நசுங்கி, இரவு 10 மணி வரை ஒத்திகை பார்த்த பலருடைய மூன்று மாத உழைப்பு அந்த இரண்டு வினாடியில் வீணாகி விடுகிறது. அன்று இரவு எல்லோருடைய கோபமும் ஒரே ஒருவர் மீதுதான் பாயும். அவர் மேடையில் தோன்றாதவர். நோட்டீசில் பெயர் போடப்படாதவர். ஒலியைக் கவனித்துக் கொண்டவர்.

சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது; தவறினால் ஊருக்கே தெரியும். ரெயில்வே கேபினில் உட்கார்ந்திருப்பவரைப் போன்ற வேலை அது. அந்த மனிதருக்குத் துணையாக இன்று உலகம் எங்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு "ஷோ கண்ட்ரோல்" என்று பெயர். மழை, இடி, குண்டு, ரெயில், கூடவே விளக்கு, திரைப்படக் காட்சி, புகை எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் வரிசையாக இயக்குவது இதன் வேலை.

மரத் தொட்டியில் உருண்ட இடி

இடிச் சத்தத்துக்கு அந்தக் காலத்தில் பெரிய தகரத் தகட்டைத் தொங்க விட்டுக் குலுக்குவார்கள். மழைக்குப் பட்டாணி போட்ட பெட்டியைச் சாய்ப்பார்கள். குதிரைக் குளம்பொலிக்கு இரண்டு கொட்டாங்கச்சி போதும். காற்றுக்கு, மர உருளையின் மீது கெட்டித் துணியைப் போர்த்திச் சுற்றுவார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1766-ம் ஆண்டு திறக்கப்பட்ட நாடக அரங்கில், கூரைக்கு மேலே நீண்ட மரத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் இரும்புக் குண்டுகளை உருட்டி விடுவார்கள். கீழே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் உண்மையான இடியே நகர்ந்து போவது போல இருக்கும்.

லண்டனில் 1709-ம் ஆண்டு ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் புதிய முறையில் இடிச் சத்தம் தயாரித்தாராம். நாடகம் ஓடவில்லை. ஆனால் சில நாளில் அதே அரங்கில் நடந்த வேறொரு நாடகத்தில் அதே இடி கேட்டது. "என் நாடகத்தை நிறுத்தி விட்டு என் இடியைத் திருடிக் கொண்டார்களே!" என்று அவர் எழுந்து கத்தியதாக ஒரு கதை உண்டு. ஒலிக்காக உழைத்தவருக்குப் பெயர் கிடைக்காத வழக்கு அன்றே தொடங்கி விட்டது போலும்!

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 19-ம் நூற்றாண்டில் மும்பையில் வளர்ந்த பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே வந்தபோது, வண்ணத் திரைகள், ஆர்மோனியம், தந்திரக் காட்சிகள் எல்லாம் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் ஆர்.எஸ்.மனோகரின் புராண நாடகங்களைத் தந்திரக் காட்சிகளுக்காகவே பார்க்கப் போனவர்கள் ஏராளம்.

பிளேடும் நாடாவும்

அடுத்து வந்தது கிராமபோன் தட்டு. எந்த வரியில் ஊசியை வைக்க வேண்டும் என்று பென்சிலால் அடையாளம் போட்டு வைப்பார்கள். கை நடுங்கினால் மழைக்குப் பதில் மாட்டுச் சத்தம் வரும்.

பிறகு டேப் ரிக்கார்டர். ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில் வெள்ளை நிற வெற்று நாடாவை ஒட்டுவார்கள். வெள்ளை வந்ததும் நிறுத்த வேண்டும். அடுத்த குறிப்பு வந்ததும் ஓட விட வேண்டும். இயக்குநர் கடைசி ஒத்திகையில் "அந்த மணியோசையை இரண்டு காட்சி முன்னால் கொண்டு வா" என்று சொல்லி விட்டால், சவரப் பிளேடால் நாடாவை வெட்டி மறுபடியும் ஒட்ட வேண்டும். மழை ஓடிக் கொண்டிருக்கும்போது இடி வேண்டும் என்றால் இரண்டாவது மெஷின். அதோடு ரெயிலும் வர வேண்டும் என்றால் மூன்றாவது. ஆளுக்கோ இரண்டு கைதான்!

இந்தக் காலகட்டத்தில்தான் ஒலியைக் கவனிப்பவரும் கலைஞரே என்ற எண்ணம் பிறந்தது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகர நாடக அரங்கு ஒன்றில், 1968-69 பருவத்தில், டான் டூகன் என்பவருக்கு "சவுண்ட் டிசைனர்", அதாவது ஒலி வடிவமைப்பாளர் என்று பட்டம் போட்டார்கள். அந்தப் பெயரில் முதன் முதலாகக் குறிக்கப்பட்டவர் அவரே என்று நாடக வரலாறு எழுதுகிறவர்கள் கூறுகிறார்கள்.

கருவிகள் பேசிக் கொண்ட மொழி

நாடகத்துக்குள் கம்ப்யூட்டர் முதலில் விளக்கு வழியாகத்தான் நுழைந்தது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் 1975-ம் ஆண்டு வந்த "எ கோரஸ் லைன்" இசை நாடகத்தில், விளக்குகளின் அளவுகளை நினைவில் வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டர் பலகை பயன்பட்டது. பிராட்வேயில் அதுவே முதல் முறை.

ஒலியும் விளக்கும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமானால் பொது மொழி வேண்டும் அல்லவா? அது இசைக் கருவிக்காரர்களிடம் இருந்து கிடைத்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டை அழுத்தினால் இன்னொரு கம்பெனியின் கருவி ஒலிக்க வேண்டும் என்பதற்காக, 1983-ம் ஆண்டு "மிடி" என்ற பொது முறை வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ ககேஹாஷியும் இதற்கு வழி வகுத்தவர்கள். 2013-ம் ஆண்டு இருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது கொடுக்கப்பட்டது.

கனடாவின் வான்கூவர் நகரில் நாடக ஒலிக் கருவிகள் செய்து வந்த சார்லி ரிச்மண்ட் இதைப் பார்த்தார். கீபோர்டும் கீபோர்டும் பேசலாம் என்றால், ஒலியும் விளக்கும் ஏன் பேசக் கூடாது? அவர் தலைமையில் பலர் கூடி விவாதித்து, 1991-ம் ஆண்டு "மிடி ஷோ கண்ட்ரோல்" என்ற விதிமுறை ஏற்கப்பட்டது. விளக்கு, ஒலி, மேடை இயந்திரம், படம், வாணம் என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி எண். அதோடு ஒரு கட்டளை: "ஓடு", "நில்", "தொடர்", "எல்லாம் அணை". பிறகு எத்தனையாவது கியூ என்ற எண். அவ்வளவுதான்! தந்தி வாசகம் போலச் சுருக்கமான செய்தி.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நடந்த ஊர்வலம் இந்த முறையை முழுமையாகப் பயன்படுத்தியது.

இன்று கம்பி நெட்வொர்க் வழியாக இன்னும் விரைவான முறைகள் வந்து விட்டன. ஆனாலும் அடிப்படை அதுவே. கருவி எதுவானாலும், "இத்தனையாவது கியூ, ஓடு" என்ற கட்டளைதான் போகிறது.

ஒரு ரெயில் மேடைக்கு வருகிறது

ஒரு காட்சி. சின்ன ஸ்டேஷன். ஊரை விட்டுப் போகும் மகன் பெட்டியோடு நிற்கிறான். தாய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்கிறாள். ரெயில் வர வேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக எண்கள் இருக்கும். அதில் கியூ 41, பிளாட்பார இரைச்சல். டீ விற்கும் குரல், குழந்தை அழுகை, காக்கை. இது நிற்காமல் சுழன்று கொண்டே இருக்கும். யாரும் அதைக் கேட்பதாகவே நினைக்க மாட்டார்கள்.

"நேரமாச்சும்மா" என்று மகன் சொல்கிறான். ஆபரேட்டர் பொத்தானை ஒரு முறை அழுத்துகிறார். கியூ 42. அரங்கின் இடது பின் மூலையில் இருக்கும் ஒலிபெருக்கியில் தொலைதூர ஊதல் கேட்கிறது. 4 வினாடி கழித்து, யாரும் தொடாமலே, சக்கரச் சத்தம் மெல்லத் தொடங்குகிறது. 12 வினாடிக்குள் அது ஏறி, இடது பக்கத்தில் இருந்து மேடைக்கு நகருகிறது. கம்ப்யூட்டரே விளக்குப் பலகைக்குச் செய்தி அனுப்ப, எஞ்சினின் முன்விளக்கு வெளிச்சம் தாயின் முகத்தில் விழுந்து வளருகிறது. பிளாட்பார இரைச்சல் தானாகவே பாதியாகக் குறைகிறது. புகை வருகிறது. பிரேக் கிறீச்சிடுகிறது. பிறகு அமைதி.

தாய் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த வார்த்தை கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

இத்தனையும் ஒரு பொத்தானில் நடந்தது. எந்தச் சத்தம், எந்த ஒலிபெருக்கியில், எத்தனை வினாடி பொறுத்து, எவ்வளவு உயரத்தில் என்பதை முன்கூட்டியே ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். கேபினில் கையைத் தூக்கினால் பாயிண்ட் திரும்பி, பூட்டு விழுந்து, பிறகு சிக்னல் இறங்குகிறதே, ஏறக்குறைய அதே ஒழுங்கு.

பெரிய அரங்குகளில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். மேடையில் இருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நடிகரின் குரல் போய்ச் சேர ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி ஆகும். அவர் தலைக்கு அருகில் இருக்கும் ஒலிபெருக்கியோ கம்பி வழியாக உடனே பேசி விடும். இரண்டும் முன்பின்னாக வந்தால் பேச்சு குழம்பும். அதனால் பின்னால் உள்ள ஒலிபெருக்கியைக் கம்ப்யூட்டர் அந்த அளவுக்குத் தாமதப்படுத்துகிறது. இன்னும் ஒரு மயிரிழை கூடுதலாகத் தாமதப்படுத்தினால், சத்தம் ஒலிபெருக்கியில் இருந்து வருவதாகவே தெரியாது. நடிகரின் வாயில் இருந்தே வருவதாகக் காது நம்பி விடும்!

பச்சை விளக்கு எரிந்தால்தான்

"எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது என்றால், ஆரம்பத்தில் ஒரு தடவை தட்டி விட்டு வீட்டுக்குப் போய் விடலாமே?" என்று கேட்கத் தோன்றும்.

முடியாது. மேடை நாடகம் சினிமா அல்ல. நேற்று நகைச்சுவைக் காட்சியில் 5 வினாடி சிரித்தவர்கள் இன்று 15 வினாடி சிரிப்பார்கள். நேற்று வேகமாக நடந்து வந்த நடிகருக்கு இன்று காலில் சுளுக்கு. இதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது. ஊர்வலத்துக்கும் வாண வேடிக்கைக்கும் கடிகார முறை சரி. நடிகருக்காக இன்னொரு மனிதர்தான் காத்திருக்க முடியும்.

அந்த மனிதர் ஸ்டேஜ் மானேஜர். கையில் நாடகப் பிரதியை வைத்துக் கொண்டு, காதில் மாட்டிய கருவியில் எல்லோரிடமும் பேசுவார். "ஒலி 42, தயார்" என்பார். "தயார்" என்று பதில் வரும். பிறகு, "ஒலி 42... கோ!" அந்தக் "கோ" என்ற சொல் வந்தால்தான் விரல் இறங்க வேண்டும். அதனாலேயே நாடகம் நடக்கும்போது வேறு எதற்கும் அந்தச் சொல்லை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

பிரிட்டிஷ் அரங்குகளில் இதற்கு விளக்கும் உண்டு. சிவப்பு எரிந்தால் தயாராக இரு. பச்சை எரிந்தால் இயக்கு. ரெயில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

24 பேர் 18 ஆன கதை

புதிய மெஷின் எங்கே வந்தாலும் தொழிலாளிக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். "என் வேலை என்ன ஆகும்?"

நாடகத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. பிராட்வேயின் பெரிய அரங்குகளில் இசை நாடகம் நடத்தினால் குறைந்தது 24 முதல் 26 வாத்தியக்காரர்களை அமர்த்த வேண்டும் என்பது ஒப்பந்தம். 2003-ம் ஆண்டு முதலாளிகள் இந்த எண்ணிக்கையைக் குறைக்க விரும்பினார்கள். வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் கம்ப்யூட்டர் இசையை வைத்தே நாடகத்தை நடத்துவோம் என்று ஏற்பாடும் செய்தார்கள்.

மார்ச் 7-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலாளிகள் எதிர்பாராத ஒன்று நடந்தது. நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களின் மறியலைத் தாண்டி உள்ளே போக மறுத்து விட்டார்கள். கம்ப்யூட்டர் இசை தயாராக இருந்தது. மேடையில் நிற்க ஆள் இல்லை! பிராட்வேயின் இசை நாடகங்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. நான்கு நாள் கழித்து சமரசம் ஏற்பட்டது. பெரிய அரங்குகளில் குறைந்த எண்ணிக்கை 18, 19 என்று முடிவாயிற்று.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? 24 என்பது 18 ஆனது உண்மை. பூஜ்யம் ஆகவில்லை என்பதும் உண்மை.

ஒலி ஆபரேட்டரின் கதை கொஞ்சம் வேறு. கம்ப்யூட்டர் வந்ததால் அவர் போகவில்லை; வேலைதான் மாறியது. நாடாவை வெட்டி ஒட்டிய கை, இப்போது நூற்றுக்கணக்கான கியூக்களை அடுக்குகிறது. ஆனால் முன்பு மூன்று பேர் செய்ததை இன்று ஒருவர் செய்ய முடியும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கொக்கி மாட்டியதா?

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது என்பதை மறந்தால் ஆபத்து உயிருக்கே வரும்.

நியூயார்க்கில் "ஸ்பைடர்மேன்" கதையைப் பெரும் செலவில் இசை நாடகம் ஆக்கினார்கள். நடிகர்கள் கயிற்றில் தொங்கி அரங்கின் மேலே பறப்பார்கள். 2010-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, ஒரு நடிகர் உயரமான மேடையில் இருந்து கீழே விழுந்து பலத்த காயம் அடைந்தார். அவரைத் தாங்க வேண்டிய பாதுகாப்புக் கயிறு சரியாக மாட்டப்படாமல் இருந்ததே காரணம் என்று தெரிய வந்தது. எத்தனை நவீனமான கருவியும் அந்தக் கொக்கியைத் தானாகப் போய்த் தொட்டுப் பார்க்காது.

ரெயில்வேயில் பாயிண்ட் பூட்டாமல் சிக்னல் இறங்காது. அப்படி ஒரு தடை அதன் உள்ளேயே இருக்கிறது. சாதாரண ஷோ கண்ட்ரோல் கம்ப்யூட்டரில் அந்தத் தடை தானாக அமைந்து விடாது. "ஓடு" என்றால் ஓடும். ஆகவேதான் ஆள் பறக்கும் இடம், தரை திறக்கும் இடம், தீ வரும் இடம் ஆகியவற்றைப் பொதுப் பொத்தானோடு அப்படியே இணைத்து விடக் கூடாது என்பது தொழிலின் விதி. அங்கே நேரில் பார்க்கும் ஓர் ஆள், தன் கையில் தனி விசையைப் பிடித்துக் கொண்டு நிற்பார். அவர் கையை எடுத்தால் எல்லாம் நின்று விட வேண்டும்.

பறித்த விருது, திரும்பி வந்த விருது

அமெரிக்க நாடக உலகில் பெரிய விருது "டோனி". 2008-ம் ஆண்டுதான் ஒலி வடிவமைப்புக்கும் டோனி கொடுக்கத் தொடங்கினார்கள். விளக்குக்கும் உடைக்கும் அரங்க அமைப்புக்கும் பல பத்தாண்டுகளாகக் கிடைத்த மரியாதை ஒலிக்கு அப்போதுதான் வந்தது.

அது நீண்ட காலம் நிலைக்கவில்லை. 2014-ம் ஆண்டு ஜூன் மாதம், இனிமேல் ஒலிக்கு விருது இல்லை என்று அறிவித்தார்கள். ஒலியை எப்படி மதிப்பிடுவது என்று ஓட்டுப் போடுகிறவர்கள் பலருக்கே தெரியவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதாவது, நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது என்பதே குற்றம் ஆகி விட்டது!

ஒலிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு மனுவில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இதற்கிடையே "தி என்கவுண்டர்" என்ற நாடகம் பிராட்வேக்கு வந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் காதில் ஹெட்போன் மாட்டிக் கொள்ள வேண்டும். மேடையில் ஒரே ஒரு நடிகர். மனிதத் தலை போன்ற ஒரு மைக். நடிகர் அதன் இடது காதில் ஊதினால், பார்ப்பவரின் இடது காதில் காற்று படுவது போல இருக்கும். அமேசான் காடு, கொசு, மழை, ஆறு எல்லாம் ஒலியாலேயே கட்டப்பட்டிருந்தன. பிரிவே இல்லாத காலத்தில், 2017-ம் ஆண்டு, அந்த ஒலிக்காகத் தனிச் சிறப்பு டோனி கொடுக்க வேண்டியதாயிற்று. 2018-ம் ஆண்டு விருதுப் பிரிவு மறுபடியும் வந்து விட்டது.

மித்தி ஆற்றின் அக்கரையில்

மும்பையில் நாடக அரங்குகளுக்குக் குறைவில்லை. 1978-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஜூஹு பிரித்வி தியேட்டரில் சுமார் 200 பேர் மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து உட்காரலாம். நடிகர் முணுமுணுத்தால் கேட்கும். நரிமன் முனையில் 1980-ம் ஆண்டு திறக்கப்பட்ட டாட்டா தியேட்டரை, ஒலிபெருக்கி இல்லாமலே இசை கேட்கும்படி ஒலி நிபுணர் சிரில் ஹாரிசின் ஆலோசனையோடு கட்டினார்கள். சில இடங்களில் நல்ல சுவரே நல்ல கருவி!

நம்மவர்களின் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் பெயர் பெற்ற சண்முகானந்தா அரங்கம் 1963-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 1990-ம் ஆண்டு தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டி 1998-ம் ஆண்டு மறுபடியும் திறந்தார்கள். 2,700-க்கும் அதிகமான இருக்கைகள். இவ்வளவு பெரிய இடத்தில் மேலே சொன்ன தாமதக் கணக்கு இல்லாமல் பேச்சு தெளிவாகக் கேட்காது.

2016-ம் ஆண்டு "முகல்-ஏ-ஆஸம்" படக்கதை மும்பையில் மேடை ஏறியபோது, நடிகர்கள் நேரடியாகவே பாடினார்கள். 2023-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி பாந்த்ரா-குர்லா வளாகத்தில் திறக்கப்பட்ட நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தில் 2,000 பேர் அமரும் பெரிய அரங்கு இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் "தி சவுண்ட் ஆப் மியூசிக்" வெளிநாட்டுக் குழுவோடு அங்கே வந்தது.

அந்த வளாகத்துக்கும் தாராவிக்கும் நடுவில் மித்தி ஆறு மட்டுமே. அக்கரையில் நடப்பது இக்கரையில் உள்ளவர்களுக்கு எட்டாத வித்தையா? கருவியின் விலையைப் பார்த்தால் எட்டாதது. முறையைப் பார்த்தால் எட்டக் கூடியதே.

நம் குழுக்கள் செய்யக் கூடியது

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிறிஸ் ஆஷ்வொர்த் உருவாக்கிய "கியூலேப்" என்ற நிரல் உலகம் எங்கும் நாடகக்காரர்களிடம் இருக்கிறது. அது ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். அதன் சாதாரண வசதிகளுக்குக் காசு இல்லை. லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு "லினக்ஸ் ஷோ பிளேயர்" என்று ஓர் இலவச நிரல் உண்டு. ஒரு பழைய லேப்டாப் இருந்தால் சங்க ஆண்டு விழா நாடகத்துக்குப் போதும். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலில் தாள், பிறகுதான் கம்ப்யூட்டர். எண், பிரதியில் எத்தனையாவது பக்கம், யார் எந்த வார்த்தை சொன்னதும், என்ன சத்தம், எவ்வளவு உயரம், எப்போது நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் போட்டால், கடைசி நேரத்தில் புதிய சத்தத்தை நடுவில் நுழைக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு சத்தத்தின் தொடக்கத்திலும் உள்ள வெற்று இடத்தை வெட்டி எறிய வேண்டும். முதலில் சொன்ன துப்பாக்கி, தந்தை விழுந்த பிறகு வெடித்ததே, அநேகமாக ஆபரேட்டரின் விரல் தாமதம் ஆகியிருக்காது. பதிவின் தலையிலேயே இரண்டு வினாடி மௌனம் இருந்திருக்கும்! பாவம், திட்டு வாங்கியவர் அவர்.

மூன்றாவது, புளூடூத் ஒலிபெருக்கி கூடாது. அதன் இயல்பே கொஞ்சம் பிந்திப் பேசுவது. கம்பியே நல்லது. லேப்டாப் சார்ஜர் வழியாக "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால், நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் உள்ள சிறிய பெட்டியை மைக் செட்காரரிடம் கேட்டு மாட்டிக் கொள்ளலாம்.

நான்காவது, இண்டர்நெட்டைத் துண்டித்து, கம்ப்யூட்டரின் சொந்த மணியோசைகளை அணைத்து விட வேண்டும். தானாக உறங்கிப் போகும் வசதியையும் நிறுத்த வேண்டும். சோகக் காட்சியின் நடுவில் "டிங்" என்று ஏதோ கம்பெனியின் விளம்பரம் வந்து நின்றால் யாரை நோவது?

ஐந்தாவது, எல்லாச் சத்தத்தையும் இன்னொரு லேப்டாப்பிலோ செல்போனிலோ நகல் வைத்திருக்க வேண்டும். பெரிய அரங்குகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று படுத்தால் ஒரே சுவிட்சில் மற்றது பேசும்.

ஆறாவது, இண்டர்நெட்டில் கிடைப்பதெல்லாம் இலவசம் அல்ல. அனுமதியோடு கிடைக்கும் சத்தங்களை எடுக்கலாம். அதைவிட, நம் ஊர் மழையையும் நம் பிளாட்பார இரைச்சலையும் செல்போனில் நாமே பதிவு செய்தால் காட்சிக்கு உயிர் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொத்தானை அழுத்தப் போகிறவர் முதல் நாள் ஒத்திகையில் இருந்தே கூட இருக்க வேண்டும். நாடகத்தன்று மாலை வாடகை செட்டோடு வருகிறவரிடம் லேப்டாப்பைக் கொடுத்து விட்டு, பிறகு அவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. நடிகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே விரலை இறக்க வேண்டும் என்று தெரியும்.

நோட்டீசில் அவர் பெயரையும் ஒரு வரி போடுவதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்கப் போவார்கள். ஒலிக்காரருக்கு இன்னும் வேலை பாக்கி. முதலில் ஆம்பிளிபயரை அணைக்க வேண்டும். பிறகுதான் மிக்சர், கடைசியாக லேப்டாப். வரிசை மாறினால் ஒலிபெருக்கி "டப்" என்று அதிர்ந்து கெட்டு விடும். கம்பிகளைச் சுருட்டி, நாளைக்கு வேண்டியதை எண்ணி வைத்து விட்டு, அவர் கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடுவார்.

அந்தப் பெட்டியில் நாடகம் பார்த்து விட்டு வந்தவர்களும் இருப்பார்கள். "அந்த ரெயில் வந்தப்போ எனக்கு ஊர் ஞாபகம் வந்துட்டுது" என்று பேசிக் கொள்வார்கள். ரெயிலைக் கொண்டு வந்தவர் பக்கத்திலேதான் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.